பாலின சமத்துவப் பிரசாரத்துக்கு வெளிநாடு போகும் தன்னார்வலருக்கு: விண்ணப்பம் முதல் திரும்பும் நாள் வரை

ஆறு வாரத் திட்டத்துக்குப் போன எனக்கு, போன வேலையைச் செய்யக் கிடைத்தது மூன்றரை வாரம்தான். மீதி நாட்களைக் காகிதங்கள் தின்றுவிட்டன. என் அழைப்புக் கடிதத்தில் 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று எழுதியிருந்தது. கையில் இருந்தது சுற்றுலா விசா. விமான நிலையத்தில் கேட்டபோது 'பள்ளிகளில் பெண் குழந்தைகளோடும் பையன்களோடும் பயிலரங்கு நடத்தப் போகிறேன்' என்று உண்மையைச் சொன்னேன். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. நான்கு மணி நேரம் உட்காரவைத்து விசாரித்தார்கள். அனுமதியை மாற்றிக்கொள்ளும்வரை எந்தப் பள்ளிக்குள்ளும் போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் உள்ளே விட்டார்கள். அது முடிந்ததும் பள்ளி என் காவல்துறை நற்சான்றிதழைக் கேட்டது. அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நீங்கள் அந்த இரண்டரை வாரத்தை இழக்க வேண்டாம். என்னென்ன காகிதம், எப்போது தொடங்குவது, எதற்கெல்லாம் செலவாகும், எங்கே சறுக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வழியில் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இளைஞர்களுக்கான பாலின சமத்துவத் திட்டங்கள் பல வழிகளில் கிடைக்கின்றன. செலவும் விசாவும் வழிக்கு வழி மாறும்.

மாணவர்களும் இளைஞர்களும் நடத்தும் அமைப்புகள் ஒரு வகை. ஐசெக் இதில் பலருக்கும் தெரிந்த பெயர். அதன் 'குளோபல் வாலண்டியர்' திட்டங்கள் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கானவை, பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் ஓடும். ஒவ்வொரு திட்டமும் ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்றோடு இணைக்கப்பட்டிருக்கும். பாலின சமத்துவம் 5-ஆவது இலக்கு. அந்த எண்ணைக் கொண்டு தேடினால் வேண்டியது சீக்கிரம் கிடைக்கும். இந்த வகையில் திட்டக் கட்டணம் உண்டு, விமானச் சீட்டும் விசாவும் உங்கள் பொறுப்பு.

அரசுகளோ அரசுகளின் கூட்டமைப்போ பணம் போடும் திட்டங்கள் அடுத்த வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூரோப்பியன் சாலிடாரிட்டி கார்ப்ஸ்' பயணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றிய நாடுகளிலும் அதோடு ஒப்பந்தமுள்ள சில நாடுகளிலும் சட்டப்படி வசிப்பவர்களுக்குத்தான் அது திறந்திருக்கிறது. விண்ணப்பத்தில் ஒரு வாரம் செலவழிக்கும் முன் நீங்கள் வசிக்கும் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயதினருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அதில் மாதாந்திர வாழ்க்கைப் படி தருவார்கள். வீட்டிலிருந்தே இணையம் வழியாகச் செய்யும் தன்னார்வப் பணிகளும் உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏதாவது ஒரு பெண்கள் அமைப்புக்கு இரண்டு மாதம் இணையத்தில் வேலை செய்து பாருங்கள். பிடித்திருந்தால் பயணத்தைப் பற்றி யோசிக்கலாம், அந்த அனுபவம் விண்ணப்பத்திலும் கைகொடுக்கும்.

கடைசி வகை, பணம் வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பும் தனியார் முகவர்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த படியில் வரும் கேள்விகளை அவர்களிடம் இரட்டிப்புக் கவனத்தோடு கேளுங்கள்.

எச்சரிக்கை: ஐ.நா. பெயரைச் சொல்லி 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிக் கட்டணம்' கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது மோசடிதான். ஆள் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை.

2. பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால்தான் நான் மாட்டிக்கொண்டேன். தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம், பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே மின்னஞ்சலில் கேளுங்கள், மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல்செய்தியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் கேள்வி: திங்கள் முதல் வெள்ளி வரை நான் என்ன செய்வேன்? 'விழிப்புணர்வு ஏற்படுத்துவீர்கள்' என்பது பதில் ஆகாது. எந்தப் பள்ளி அல்லது சமூகக்கூடம், எத்தனை மணி, எந்த வயதுப் பிள்ளைகள், எந்த மொழி, யார் உடன் இருப்பார் என்று அட்டவணை கேளுங்கள். அட்டவணை இல்லாத இடத்தில் வேலையும் இருக்காது. படம் எடுத்துப் பதிவிடுவதிலேயே ஆறு வாரமும் ஓடிவிடும்.

இரண்டாவது: அந்த ஊர்க்காரர் யார் இந்தத் திட்டத்தை நடத்துகிறார்? நாங்கள் கிளம்பிய பிறகு யார் தொடர்வார்? குழந்தைத் திருமணம், பள்ளி இடைநிற்றல், வீட்டு வன்முறை, மாதவிடாய் பற்றிய கூச்சம் என்று எதை எடுத்தாலும், ஆறு வாரம் வந்து போகும் வெளியாள் பேசி மாறிவிடாது. அங்கே வருடக்கணக்காக நிற்கும் ஓர் அமைப்புக்கு நீங்கள் கூடுதல் கை. அப்படி ஓர் அமைப்பே இல்லை என்றால் அந்தத் திட்டம் வேண்டாம்.

மூன்றாவது: குழந்தைப் பாதுகாப்பு நெறிமுறையும் பாலியல் சுரண்டலுக்கு எதிரான நடத்தை விதிகளும் எழுத்தில் இருக்கின்றனவா? அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் என்னிடம் 'உங்களுக்குக் காவல்துறைச் சான்றிதழ் எல்லாம் தேவையில்லை, நேராக வாருங்கள்' என்றார். அப்போது அது வசதியாகத் தெரிந்தது. சரிபார்க்காமல் என்னை உள்ளே விடுபவர் வேறு யாரையும் அப்படித்தான் விடுவார் என்பது பிறகுதான் உறைத்தது. அனாதை இல்லத்தில் சில நாள் குழந்தைகளோடு விளையாடலாம் என்று சேர்த்து விற்கும் திட்டங்களை அடியோடு தவிருங்கள். வெளிநாட்டவர் பணத்துக்காகவே பெற்றோர் உள்ள குழந்தைகளையும் அங்கே கொண்டுவந்து வைக்கும் கொடுமை பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

அப்புறம் இவற்றையும் கேட்டுவிடுங்கள்:

- கட்டணத்தில் எவ்வளவு உள்ளூர் அமைப்புக்குப் போகிறது?
- விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதி வரை?
- தங்கும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா, எத்தனை பேர் ஒரே அறையில்?
- இரவு இரண்டு மணிக்குப் பிரச்சினை என்றால் யாருடைய எண்ணுக்கு அழைப்பது?

முன்பு போய்வந்த இரண்டு பேரோடு நேரடியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர்களில் ஒருவரையாவது நீங்களே தேடிப் பிடியுங்கள். அமைப்பு காட்டுபவர் பெரும்பாலும் நல்லதை மட்டுமே சொல்வார்.

3. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கும் மாதத்தைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டாம். போகும் நாட்டின் பள்ளி விடுமுறையையும் தேர்வுக் காலத்தையும் பாருங்கள். பள்ளி மூடியிருந்தால் உங்களுக்கு வேலை இல்லை. தேர்வு நடந்தால் எந்தத் தலைமையாசிரியரும் வகுப்பு நேரத்தை விட்டுத்தர மாட்டார்.

பிரசாரம் சூடுபிடிக்கும் நாட்கள் சில உண்டு: மார்ச் 8 சர்வதேச மகளிர் தினம், மே 28 மாதவிடாய் சுகாதார தினம், அக்டோபர் 11 சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம், நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் '16 நாட்கள்' இயக்கம். இவற்றில் ஒன்று உங்கள் திட்டத்தின் நடுவில் விழுந்தால் நல்லது. தொடக்கத்தில் விழுந்தால் ஒன்றும் புரியாமல் பதாகை பிடித்து நிற்பீர்கள்.

கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கிக் குறைந்தது ஐந்து மாதம் வேண்டும். முதல் மாதம் தேர்வுக்கும் கேள்விகளுக்கும். இரண்டாம் மாதம் பாஸ்போர்ட், நற்சான்றிதழ், சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (இன்னொரு நாடு ஏற்பதற்கான முத்திரை) வாங்குவது. மூன்றாம், நான்காம் மாதங்கள் விசாவுக்கு. தடுப்பூசி ஆலோசனைக்குக் கிளம்புவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே போய்விட வேண்டும். கடைசி மாதம் படிப்புக்கும் மொழிக்கும். விசா கையில் வரும்வரை ரத்து செய்ய முடியாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். 'இன்று விட்டால் விலை ஏறிவிடும்' என்ற பயத்தில் வாங்கிப் பணத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

4. ஆவணக் கோப்பு

பாஸ்போர்ட்: பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து திரும்பக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் வழங்கிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். எட்டு மாதம்தான் மீதி இருக்கிறது என்றால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். நடுவில் புதுப்பித்தால் பாஸ்போர்ட் எண் மாறும், அழைப்புக் கடிதம் முதல் எல்லாவற்றையும் மறுபடி எழுத வைக்க வேண்டிவரும்.

பெயர்: தலைப்பெழுத்து போடுகிறவர்கள் இங்கே அதிகம் சிக்குகிறோம். சான்றிதழில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் அதன் விரிவு, விமானச் சீட்டில் முன்பெயர் பின்பெயர் இடம் மாறி என்று மூன்று பெயர்களாகிவிடும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதையே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். அழைப்புக் கடிதத்திலும் அப்படியே வர வேண்டும்.

காவல்துறை நற்சான்றிதழ்: குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேலை என்றால், யாரும் கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். கடந்த சில ஆண்டுகளில் வேறு நாட்டில் வசித்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழையும் கேட்கலாம். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். பல இடங்களில் மூன்று அல்லது ஆறு மாதத்துக்குள் எடுத்ததையே ஏற்கிறார்கள், ஆகவே மிக முன்கூட்டியும் எடுக்க வேண்டாம்.

அப்போஸ்டில்: உங்கள் நாட்டுச் சான்றிதழ் உண்மையானது என்று இன்னொரு நாடு நம்புவதற்கான முத்திரை இது. இரண்டு நாடுகளும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் பெரும்பாலும் இந்த ஒரு முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம் வேண்டியிருக்கும், அதற்கு நாளும் செலவும் கூடும். எந்தெந்தக் காகிதத்துக்கு இது தேவை என்று அமைப்பிடம் கேட்டு அதை மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் செய்தால் பணம் வீண்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி, வீட்டில் ஒருவரிடம் ஒரு பிரதி, பையில் ஒரு அச்சுப் பிரதி வையுங்கள். அழைப்புக் கடிதத்தை மட்டும் கைப்பையில், கட்டாயம் அச்சில் வையுங்கள். தரையிறங்கியதும் தொலைபேசியில் இணையம் இருக்காது, அதிகாரி அப்போதுதான் கேட்பார்.

5. விசா: கடிதமும் விசாவும் உங்கள் வாயும் ஒன்றையே சொல்ல வேண்டும்

'சம்பளம் இல்லையே, அப்புறம் ஏன் வேறு விசா?' என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல நாடுகளின் சட்டத்தில் சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான். சில நாடுகள் தன்னார்வலருக்குத் தனி வகை வைத்திருக்கின்றன, சில நாடுகள் சுற்றுலா விசாவில் கொஞ்சம் அனுமதிக்கின்றன, சில நாடுகளில் அறவே கூடாது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையாளராகப் போகிறவர் பதிவுபெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம், ஆனால் பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக்கூடாது. ஆறு வாரப் பிரசாரத்துக்கு அது பொருந்தாது. அறப்பணியாளருக்கான தற்காலிக விசா வேண்டும், அதற்கு உரிமம் பெற்ற அமைப்பு உங்களை ஏற்றுச் சான்று தர வேண்டும். தாய்லாந்தில் தன்னார்வப் பணிக்கென்று 'நான் இமிக்ரன்ட் ஓ' என்ற வகையில் விசா எடுத்துப் போவார்கள். ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. அந்த விசாவில் தன்னார்வப் பணி செய்யலாமா என்பதை ஒவ்வொரு நாட்டுத் தூதரகத்திடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். தூதரகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: இன்ன அமைப்பு, இத்தனை வாரம், சம்பளம் இல்லை, பள்ளிகளில் பயிலரங்கு, எந்த வகை விசா என்று. பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு 'எல்லோரும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள்' என்று சொன்னால், அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர், விமான நிலையத்திலிருந்து நான் அழைத்தபோது எடுக்கவில்லை.

அழைப்புக் கடிதத்தில் அமைப்பின் பதிவு எண், முகவரி, கையொப்பமிடுபவரின் பதவியும் தொடர்பு எண்ணும், உங்கள் பாஸ்போர்ட் எண், தொடங்கும் முடியும் தேதிகள், செய்யப்போகும் வேலை, சம்பளம் இல்லை என்ற வரி, தங்கும் முகவரி, எந்தச் செலவை யார் ஏற்கிறார் என்பது, இத்தனையும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் திருப்பி அனுப்பிச் சேர்க்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

மின்விசா என்றால் தேடுபொறியில் முதலில் வரும் தளத்தைச் சொடுக்காதீர்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்டு இரண்டு மூன்று மடங்கு பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. தூதரகத்தின் பக்கத்திலிருந்து அங்கே போங்கள்.

குடிவரவு மேசையில் கேட்டதற்கு மட்டும், சுருக்கமாக, உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொல்லிவிட்டுப் பையில் பயிலரங்கு அட்டைகளோடு பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், அது அடுத்தடுத்த விசா விண்ணப்பங்களிலும் தொடரும்.

6. செலவு: கட்டணத்துக்கு வெளியே இருப்பவை

திட்டக் கட்டணம், விமானச் சீட்டு, விசா, இந்த மூன்றையும் எல்லோரும் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். மற்றவைதான் கையைக் கடிக்கும். நற்சான்றிதழ், அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, தடுப்பூசி, காப்பீடு, விமான நிலையத்திலிருந்து தங்குமிடம் போகும் வண்டி, சிம் அட்டை, தினமும் வேலையிடத்துக்குப் போகும் பேருந்து, விசா நீட்டிப்பு, பயிலரங்குக்கான தாளும் அட்டையும். 'தங்குமிடம் உண்டு' என்றால் சாப்பாடும் உண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை வேளை, வார இறுதியிலும் உண்டா என்று கேளுங்கள்.

ஏடிஎம்மிலோ அட்டை தேய்க்கும்போதோ 'உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா, உள்ளூர் நாணயத்திலா?' என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். இரண்டு வங்கி அட்டைகளை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள்.

திரும்பி வரும் விமானச் சீட்டை அன்றைக்கே வாங்கும் அளவு பணம் தொடாமல் தனியாக இருக்க வேண்டும். இடம் பாதுகாப்பாக இல்லை என்று தோன்றும் இரவில், பணம் இல்லாததால் அங்கேயே தங்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது. இந்தத் தொகை சேரவில்லை என்றால் பயணத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

7. காப்பீடும் உடம்பும்

சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரம் சுற்றுலாவை மட்டுமே ஏற்கும். 'தன்னார்வப் பணி' என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனைச் செலவோடு, அவசர மருத்துவத்துக்காக வேறு ஊருக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால் நுழைவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் 2016 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். நீங்கள் விமானம் மாறும் நாட்டில் அந்தக் காய்ச்சல் இருந்தாலும் சான்றிதழைக் கேட்கலாம், ஆகவே இடை நிறுத்தங்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளுக்கு மூலப் பெயர் (வணிகப் பெயர் அல்ல) எழுதிய சீட்டு வேண்டும். ஓரிடத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் வலி மாத்திரையோ மனநல மருந்தோ இன்னோரிடத்தில் தடை செய்யப்பட்டிருக்கலாம்.

8. கிளம்பும் முன் படிக்க வேண்டியது

அந்த நாட்டில் சட்டப்படி திருமண வயது என்ன, வீட்டு வன்முறைக்கு எதிரான சட்டம் இருக்கிறதா, உதவி எண் எது, பள்ளியில் உடல், மாதவிடாய், உறவுகள் பற்றிப் பேச என்ன அனுமதி வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் போன்றோர்) பற்றிப் பேசுவது சில நாடுகளில் சட்டச் சிக்கலில் போய் முடியும். அது உங்களுக்கு வருவதைவிட, உங்களை அழைத்த உள்ளூர்த் தோழருக்குப் பெரிய ஆபத்தாக வரும். எதைப் பேசலாம் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

சொந்தமாக அறுபது பட விளக்கங்கள் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். நான் கொண்டுபோனவற்றில் இரண்டைத்தான் பயன்படுத்த முடிந்தது. மொழிபெயர்ப்பாளரோடு நடத்தும் வகுப்பில் நேரம் இரட்டிப்பாகும், ஆகவே ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கருத்துதான் நிற்கும். நன்றாகப் போன என் வகுப்பில் நாங்கள் செய்தது இதுதான்: காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பையன்களும் பெண்களும் தனித்தனித் தாளில் எழுதி, இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். நான் எதையும் விளக்கவில்லை. அவர்களே நின்று பார்த்தார்கள், அவர்களே விவாதித்தார்கள்.

இன்னொன்றுக்கு மனதளவில் தயாராகப் போங்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக வந்து, வீட்டில் தனக்கு நடப்பதைச் சொல்லலாம். வெளியாளிடம் சொல்வது சில நேரம் அவர்களுக்கு எளிது. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள், 'நான் உன்னை நம்புகிறேன், நீ சொன்னது நல்லது' என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், பெற்றோரிடம் நேரே போய்க் கேட்க வேண்டாம். அமைப்பில் இதற்கென்று பொறுப்பில் உள்ளவரிடம் அன்றைக்கே, அந்தப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே சொல்லுங்கள். அந்தப் பொறுப்பாளர் யார் என்பதைப் போய் இறங்கிய முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

9. முதல் வாரம்

உள்ளூர்க் காவல் நிலையத்திலோ குடிவரவு அலுவலகத்திலோ முகவரி பதிய வேண்டிய நாடுகள் உண்டு. எத்தனை நாளுக்குள் என்று கேட்டு முதல் வேலையாக முடியுங்கள். உங்கள் நாட்டுத் தூதரகத்திலும் பதிந்துவையுங்கள்.

முதல் வாரம் வகுப்பு எடுக்காதீர்கள், பின்னால் உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், ஆசிரியர் அறையில் இருக்கும்போது யார் பேசுவதில்லை என்று கவனியுங்கள். மொழிபெயர்ப்பவரோடு தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து மறுநாள் பேசப்போகும் சொற்களைச் சரிபாருங்கள். 'பாலினம்', 'சம்மதம்' போன்ற சொற்கள் அந்த மொழியில் வேறு அர்த்தம் தரலாம். பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வையுங்கள். வாய் திறக்காத பிள்ளைகள் எழுதுவார்கள்.

படம்: பிள்ளையின் சம்மதமும் பெற்றோரின் எழுத்துமூல அனுமதியும் இல்லாமல் முகம் தெரியும்படி எடுக்கவோ பகிரவோ கூடாது. பள்ளியின் பெயர்ப்பலகையும் சீருடையும் சேர்ந்து ஒரு பெண் பிள்ளையை யார் வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடிக்கப் போதும்.

10. ஊரோடு பழகுவது

வார இறுதியில் ஏழு இடம் பார்ப்பதைவிட, தினமும் ஒரே பேருந்தில் ஒரே நேரத்துக்குப் போவதுதான் ஊரைத் திறந்துவிடும். மூன்றாம் வாரத்தில் ஓட்டுநர் தலையசைப்பார், நான்காம் வாரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுப்பார். முப்பது வாக்கியங்கள் கற்றுக்கொண்டு போங்கள். 'எவ்வளவு', 'எங்கே' என்பவற்றோடு நின்றுவிடாமல், 'இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?' என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒன்று மற்றதையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும்.

குடும்பத்தோடு தங்கினால் முதல் மாலையே வீட்டு நேரங்களைக் கேளுங்கள்: எப்போது சாப்பாடு, எப்போது கதவு பூட்டுவார்கள், எந்த வேலையில் நான் கை கொடுக்கலாம். சமத்துவம் பேச வந்தவர் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு எழுந்து போவதை அந்த வீட்டுப் பெண்கள் கவனிப்பார்கள். தன்னார்வலர் ஆணாக இருந்தால் இன்னும் கூர்ந்து கவனிப்பார்கள். அதே சமயம் அந்த வீட்டு வழக்கத்தைத் திருத்தப் போகாதீர்கள், அது பிரசார மேடை இல்லை. சமையலறையில் அந்த அம்மாவோடு காய் நறுக்கிக்கொண்டே கேட்ட கதைகள்தான் எனக்கு அந்த ஊர்ப் பெண்களின் வாழ்க்கையைப் புரியவைத்தன. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் அவை இல்லை.

இரவில் தனியாக எந்தத் தெரு சரி, எது சரியில்லை என்பதை உள்ளூர்ப் பெண்களிடம் கேளுங்கள். ஆண்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. விடுமுறை நாளில் பக்கத்து நாட்டுக்குப் போய்வரலாம் என்று கிளம்பும் முன் உங்கள் விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால் எல்லை தாண்டியதும் அது முடிந்தது, திரும்பி உள்ளே வர முடியாது. என்னோடு இருந்த ஒருவருக்கு இப்படித்தான் கடைசி இரண்டு வாரம் போனது. அவருடைய உடைமைகளை நாங்கள்தான் பெட்டியில் கட்டி அனுப்பினோம்.

11. திரும்பும் முன்

விசா முடியும் தேதியும் விமானத் தேதியும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம், இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். விமானம் ரத்தாகி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் சில நாடுகளில் அபராதம் உண்டு.

சான்றிதழைக் கடைசி நாளில் கேட்டால் கையெழுத்திடுபவர் ஊரில் இருக்க மாட்டார். ஒரு வாரம் முன்பே கேளுங்கள். பங்கேற்றார் என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. தேதிகள், மொத்த மணி நேரம், செய்த வேலை, கையெழுத்திடுபவரின் பதவி, அமைப்பின் முத்திரை வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அந்த நாட்டுக் காவல்துறை நற்சான்றிதழையும் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள், தூரத்திலிருந்து வாங்குவது பெரும்பாடு.

அனுமதி இல்லாத படங்களைத் தொலைபேசியிலிருந்து அழியுங்கள். பயிலரங்கு அட்டைகள், கேள்விப் பெட்டியில் வந்த கேள்விகளின் தொகுப்பு, எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியர் உதவினார், எந்தச் சொல்லுக்கு எந்த மொழிபெயர்ப்பு சரியாக அமைந்தது என்று எழுதிய நான்கைந்து பக்கங்கள், எல்லாவற்றையும் உள்ளூர் அமைப்பிடம் கொடுங்கள். ஒரு பிரதியை அடுத்து வரும் தன்னார்வலருக்கு அனுப்புங்கள். அதோடு சரியான அழைப்புக் கடிதத்தின் மாதிரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.